வீட்டைப் பார்த்து வெட்டிய பானெட்

காரைக்குடியில் நல்லா இருந்த கார் பானெட்டில் தப்பான இடத்தில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குக் கற்பூரமும் காட்டிய ஆள் நான் ஒருவன்தான். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டிய காலத்தில் நிறையவே பட்டு முடித்துவிட்டேன்.

டிங்கரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, பெயின்ட் பக்கம் சேர்ந்திருக்கும் தங்கச்சிகளே, தகரத்தை எப்படித் தட்டுவது, எப்படிப் பட்டி பார்ப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் ஃபோனே சொல்லித் தந்துவிடுகிறது, அதுவும் என்னைவிடப் பொறுமையாக. முழங்கால் போய், பட்டறையை விட்டு வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது. அதனால் ஒரே ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரியுங்கள். ஆனால் அடுத்தவன் வண்டியில் கட்டிங் வீலை வைக்கும்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி ஒரு சிவப்புக் கார். பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே இருந்த டர்போவை, அதாவது இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊதி வேகம் கூட்டுகிற சாமானை, கோயம்புத்தூரில் பெரிதாக மாற்றியிருந்தார்கள். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் வள்ளியம்மை. வயது முப்பத்துநாலு. எங்கள் ஊர் வழக்கப்படி பெரிய வீட்டுப் பெண்பிள்ளைகளை நாங்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம், அவர் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி. தங்கள் பழைய பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றி அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

டர்போ பெரிதானதும் இன்ஜினில் சூடும் கூடியது. பெரிய ரேடியேட்டர் போட்டிருந்தும் அடங்கவில்லை. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடவை கொதித்து நின்றது. லாரி மேல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அடுத்த தடவை கீழச்சிவல்பட்டியில், சொந்தக்காரர் கல்யாண வீட்டு வாசலிலேயே, மேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போது புகைவிட்டு நின்றது. மறுபடி லாரி. வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு லாரியில் ஏறுகிற காரைத்தான் பார்த்தார்கள்.

வள்ளியம்மையின் அப்பாவுக்கு, அவர்கள் வழக்கில் அப்பச்சி, அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கார் அவர் பெயரில்தான் இருந்தது. அவர் கத்தமாட்டார். மெதுவாகத்தான் சொன்னார்.

"மூணாவது தடவ இது லாரி மேல ஏறி வந்துச்சுன்னா, எறக்க வேணாம். அப்புடியே மதுரைக்குப் போகட்டும். கேட்டவுகளுக்குக் குடுத்துருவேன்."

அதற்கு மறுநாள்தான் வள்ளியம்மை என் பட்டறைக்கு வந்தார். மெக்கானிக் கருப்பையாவும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கருப்பையாவுக்கு இன்ஜின், எனக்குத் தகரம் என்று இருபது வருஷமாகப் பங்கு பிரித்து வேலை பார்த்தவர்கள் நாங்கள்.

"மேஸ்திரி, நாள் பூராவும் அடுத்தவுகளுக்குச் சிரிச்சுக்கிட்டே இருக்கேன். காலையில இந்தக் கார எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் போயிட்டு வாரேன்ல, அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அதையும் வித்துட்டா நான் என்ன செய்யட்டும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

பிறகு ஃபோனை எடுத்து, ரேஸ் கார்களின் பானெட்டில் சூடு வெளியேற வைக்கிற காற்றுத் திறப்புகளின் படங்களைக் காட்டினார்.

"முன்பக்கமா, ரேடியேட்டருக்குப் பின்னாடியே வெட்டணும்னு போட்டிருக்காக. கண்ணாடிப் பக்கம் வெட்டக்கூடாதாம்."

இங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. என் தொழிலை ஃபோனைப் பார்த்து எனக்கே சொல்வதா என்று ஒரு வீம்பு. அதோடு, என் அப்பாவும் தாத்தாவும் அந்த மாதிரிப் பெரிய வீடுகளுக்குத் தச்சு வேலை செய்தவர்கள். காற்றும் சூடும் எனக்குத் தெரியாதா?

"ஆச்சி, ஃபோன உள்ள வைங்க. ஒங்க வீட்டையே பாருங்க. வாசல்ல நின்னா கடைசிக் கட்டு வரைக்கும் நேராத் தெரியுதுல்ல? காத்து முன்வாசல்ல நுழையுது. நடுவுல வானத்தப் பாத்த முத்தம். சூடு மேல கெளம்பி அந்த வழியாப் போயிருது. வெளிய நெருப்பாக் கொட்டுனாலும் உள்ள குளுகுளுன்னு இருக்கு. காரும் அதேதான். கிரில்லுதான் முன்வாசல். சூடு மேலயும் பின்னயுந்தான் போகும். அதனால பானெட்டோட ஒசந்த எடத்துல, கண்ணாடி ஓரமா வெட்டணும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். ஆனால் நான் எடுத்துக்காட்டாகச் சொன்னது அவர்கள் வீடு அல்லவா? அந்த வீட்டைக் குறை சொல்லி யாரும் பிழைத்ததில்லை. சாயந்திரம் அப்பச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தக் காரைப் பற்றி அவருக்குப் புரிந்த முதல் விளக்கம் அதுதான். மறுநாள் அவரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"மேஸ்திரி சொல்றதுதான் சரி. எங்க அய்யா கட்டுன வீட்டுல இதுவரைக்கும் எவனுக்காவது வேர்த்திருக்கா?" என்று என்னிடமே கேட்டார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வெட்டினேன். அழகான வேலை, அதில் குறை சொல்ல முடியாது. கண்ணாடி ஓரமாக இரண்டு நீளத் திறப்பு, விளிம்பு மடக்கி, உள்ளே வலை வைத்து, பெயின்ட் ஒட்டு தெரியாமல் முடித்தேன். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சோதனை பண்ணினோம். ஊதுபத்தியைக் காட்டினால் புகை ஜம்மென்று மேலே போனது. கை வைத்தால் சுட்டது. என் ஈரத் துண்டை மேலே பிடித்தேன், பத்து நிமிஷத்தில் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. கருப்பையா கைதட்டினான். நிறுத்தி வைத்த காரில் எல்லாம் சரியாக இருந்தது. அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே வண்டியைக் கோவில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய செவ்வந்தி மாலை போட்டு, திறப்புக்குத் தனியாகக் கற்பூரம் காட்டினோம்.

அதற்குப் பிறகுதான் ஓட்டம். திருப்பத்தூர் ரோட்டில் போய்வருவது என்று ஏற்பாடு. அப்பச்சி முன் சீட்டில் ஏறிக்கொண்டார். இப்போது அது அவருடைய யோசனை ஆகிவிட்டதே, விடுவாரா? கருப்பையாவும் நானும் முழங்கால் தாடையில் இடிக்கப் பின்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். மாலையைக் கழற்றியிருந்தாலும், உதிர்ந்த செவ்வந்தி இதழ்கள் வைப்பர் ஓரமாக ஒரு பிடி குவிந்து கிடந்தன. மங்களகரமாக இருக்கிறது, கிடக்கட்டும் என்றார் அப்பச்சி.

ஊருக்குள் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் அசையவில்லை. "பாத்தியா ஆத்தா" என்று அப்பச்சி மகளைப் பார்த்துச் சிரித்தார். ஊரைத் தாண்டி நேர் ரோடு வந்தது. வள்ளியம்மை மிதித்தார். எண்பது. நூறு.

அப்போதுதான் அந்தப் பூக்கள் நடக்க ஆரம்பித்தன.

சத்தியமாகச் சொல்கிறேன். வேகத்தில் போகிற காரில் பூ பின்னால்தானே பறக்க வேண்டும்? இவை முன்னால் ஊர்ந்தன. கண்ணாடி ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து, நான் வெட்டின திறப்புக்குள் குதித்தன. வரிசையில் நின்று சாமி கும்பிடப் போவது மாதிரி அத்தனை ஒழுங்காகப் போயின.

"மேஸ்திரி, பூவு உள்ள போகுதுல்ல?" என்றார் அப்பச்சி.

"ஆமாங்கய்யா."

"சூடு வெளிய வரணும்னுல்ல சொன்னீக?"

அதற்குள் வாசனை வந்துவிட்டது. சூடான டர்போ மேல் செவ்வந்தி விழுந்து வறுபடுகிற வாசனை. கூடவே மெல்லிய புகை. அப்பச்சி "எரியுது, எரியுது, நிப்பாட்டு!" என்று கூச்சல் போட்டார். வள்ளியம்மை, "மேஸ்திரி, முள்ளு ஏறுது!" என்று கத்தினார். கருப்பையா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினான். ஏன் கிள்ளினான் என்று இன்று வரை அவனுக்கே தெரியாது.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் மூளை ஒன்றுக்கு இரண்டாகப் பேசும். ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் காரைக் கொண்டுபோக லாரி வரவேண்டும், அது மூன்றாவது லாரி. அப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடும். நான் எட்டி முள்ளைப் பார்த்தேன். நடுவைத் தாண்டியிருந்தது, சிவப்புக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. சிவப்பைத் தொட்டிருந்தால் மானமாவது ஒன்றாவது, அந்த இடத்திலேயே அணைக்கச் சொல்லியிருப்பேன். அதில் யாருக்கும் இரண்டாவது யோசனையே வரக்கூடாது. புகை பூவினுடையதுதான் என்று மூக்குச் சொன்னது. ரப்பரோ ஆயிலோ எரிந்தால் வேறு மாதிரி நாறும்.

"ஆச்சி, நிறுத்தாதீக. கால எடுங்க. முப்பதுலயே போங்க. ஏசிய அணைச்சிட்டு ஹீட்டரப் போடுங்க, முழுசா."

"ஹீட்டரா?" என்று அப்பச்சி என் பக்கம் திரும்பினார். "சித்திரை மாசத்துலயா?"

"இன்ஜின் சூட்டக் காருக்குள்ள இழுத்து எறக்கணும்யா. வேற வழி இல்ல."

ஹீட்டர் ஓடியது. நாலு கண்ணாடியையும் இறக்கினால் வெளியிலிருந்து அனல், உள்ளேயிருந்து அனல். அப்பச்சியின் சரிகை வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. நெற்றி விபூதி கரைந்து கன்னத்தில் இறங்கியது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காரைக்குடிக்குத் திரும்பினோம். டவுன் பஸ் ஹாரன் அடித்துவிட்டு முந்தியது. வைக்கோல் ஏற்றின டிராக்டர் முந்தியது. மீன் கூடை வைத்த டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரர் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் வந்து, "என்னாச்சு, பெட்ரோல் இல்லையா?" என்று அன்பாக விசாரித்துவிட்டு அவரும் முந்திப் போனார். ஆனால் முள் மெல்ல மெல்ல இறங்கியது. மெதுவாகப் போகும்போது என் திறப்பு ஒழுங்காகப் புகைபோக்கி வேலை பார்த்தது.

வழியில் கருப்பையாதான் முதலில் வாயைத் திறந்தான். துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னான்.

"அண்ணே, வீடு ஒரே எடத்துல நிக்கும். இது ஓடும்லண்ணே."

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஓடுகிற காருக்கு முன்னால் வருகிற காற்று கண்ணாடியில் முட்டி அங்கேயே குவிகிறது. அந்தக் குவிந்த காற்று என் திறப்பு வழியாக உள்ளே இறங்குகிறது. கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்கள் எழுந்து வெளியே போனால்தானே அடுத்த பந்தி உட்கார முடியும்? நான் வெளியே போகிற வாசலிலும் ஆட்களை உள்ளே விட்டுவிட்டேன். ரேடியேட்டர் வழியாக வரவேண்டிய காற்று வாசலிலேயே நின்றுவிட்டது.

வீட்டு வாசலில் இறங்கினோம். ஓட்டலில் தங்கியிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் வேர்வையில் நனைந்து நின்ற எங்கள் நாலு பேரையும் படம் பிடித்தார்கள். குளத்தில் முங்கி எழுந்த ஏதோ சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

"அப்பச்சி, லாரியில வரலைல்ல?" என்று வள்ளியம்மை கெஞ்சினார்.

"லாரியில வந்திருந்தா எனக்கு வேர்த்திருக்காதே!" என்றார் அவர். "வேணாம் ஆத்தா. இந்த வண்டிக்கு ராசியே இல்ல. எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் ஏத்துக்க மாட்டேங்குது. நாளைக்கே மதுரைக்குச் சொல்லி அனுப்புறேன்."

கவனித்தீர்களா? தப்பு வண்டியுடையது என்று அவரே முடிவு பண்ணிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். என் பெயர் பத்திரம். கார் மதுரைக்குப் போகும்.

மதுரையில் நான் வேலை கற்ற பட்டறையில் ஒரு பெரிய மேஸ்திரி இருந்தார். பெயர் வேண்டாம். அப்படி ஒரு கை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு தடவை ஒரு வாடகைக் காரின் அடிப்பகுதியில் அவர் வைத்த வெல்டிங் விட்டுப்போனது. டிரைவர் கண்டபடி ஓட்டியதால்தான் போச்சு என்று கார் முதலாளியிடம் பெரிய மேஸ்திரி சொல்லிவிட்டார். டிரைவருக்கு வேலை போனது. அந்த மனுஷன் வந்து பட்டறை வாசலில் நின்றுவிட்டுப் போனார். பெரிய மேஸ்திரி அன்றைக்குப் பூராவும் தலையை நிமிர்த்தவில்லை. நானும் நிமிர்த்தவில்லை, எனக்கும் உண்மை தெரியுமே.

வள்ளியம்மை பானெட்டில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அய்யா, வண்டி மேல தப்பு இல்லங்க. ஓட்டை போட்ட எடம் தப்பு. ஆச்சி மொதல்லயே சரியான எடத்தச் சொன்னாக. நாந்தான் கேக்கல."

அப்பச்சி என்னை உற்றுப் பார்த்தார். "எங்க வீட்டக் காமிச்சுல்ல சொன்னீக?"

"வீட்டு மேலயும் தப்பு இல்லங்கய்யா. கார வீடுன்னு நெனச்ச என் மேலதான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கடைசியில், "ஒரு வாரம் தாரேன், சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்தத் தடவை நான் எந்த வீட்டையும் பார்க்கவில்லை. காற்று போகிற வழியைப் பார்க்க, தையல் சாமான் கடையில் உல்லன் நூல் வாங்கி, விரல் நீளத்துக்கு வெட்டி, பானெட் முழுக்க டேப்பால் ஒட்டினோம். காருக்கு மயிர் முளைத்தது மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். வள்ளியம்மை வேகமாக ஓட்ட, பக்கத்தில் இன்னொரு காரிலிருந்து கருப்பையா ஃபோனில் படம் எடுத்தான். கண்ணாடி ஓரத்து நூல்கள் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி முன்னும் பின்னும் அலைந்தன. முன்பக்க நூல்கள், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் இருந்தவை, மேலே எழும்பி எழும்பித் துள்ளின. அங்கேதான் காற்று பானெட்டை விட்டு எகிறி மேலே இழுக்கிறது. வள்ளியம்மை முதல் நாள் ஃபோனில் காட்டின அதே இடம். "நான் ஒண்ணும் சொல்லல மேஸ்திரி" என்றார். சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது.

மதுரையில் தேடிப்பிடித்து வேறொரு பானெட் கொண்டுவந்தேன். முன்பக்கத்தில், பின்னோக்கிச் சாய்ந்த பட்டைகளாகத் திறப்பு வைத்தேன். திறப்புக்கு முன்னால் காற்றைத் தூக்கிவிட ஒரு சின்ன விளிம்பு, மழைத் தண்ணீர் வயரில் இறங்காமல் இருக்க அடியில் ஒரு தகர ஓடை. ரேடியேட்டரைச் சுற்றியிருந்த சந்துகளையும் அடைத்தேன். ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கிடையாது. நேராக ரோட்டுக்குத்தான்.

வாரம் முடிகிற அன்றைக்கு, நல்ல மத்தியான வெயிலில், அப்பச்சி கதர்ச் சட்டையும் தோளில் இரண்டு துண்டுமாக வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். வேர்வைக்கு முன்கூட்டியே தயாராக இருந்தார். கருப்பையா, "எனக்குப் போன வாரமே போதும்ணே" என்று ஓடிவிட்டான். பின்னால் நான் மட்டும்.

நேர் ரோடு வந்தது. எண்பது. நூறு. நான் முன் சீட்டு இரண்டுக்கும் நடுவே தலையை நீட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. இன்னும் வேகம். முள் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு ஊர் தாண்டியாகிவிட்டது.

"ஆத்தா" என்றார் அப்பச்சி.

"என்ன அப்பச்சி?"

"இம்புட்டுத்தான் போகுமா?"

வள்ளியம்மை அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மிதித்தார். அப்பச்சியின் தலை சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்தார் பாருங்கள், அந்த மனுஷன் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. மகளும் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பின் சீட்டில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகத் திருப்பத்தூர் வரைக்கும் போனேன்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார் அப்பச்சி. டீ வாங்கித் தரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மேஸ்திரி, தப்பா நெனைச்சுக்கிறாதீக. பின்னாடி ஆளு இருந்தா வண்டி இழுவை கொறையுது. நாங்க இன்னும் கொஞ்சம் அங்குட்டுப் போய்ச் சுத்திட்டு வாரோம். நீங்க பஸ்ல வந்துருங்க."

சொல்லி முடித்ததும் கார் போய்விட்டது. சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

காரைக்குடி பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைக்கவில்லை. ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் நின்றவர், என்ன மேஸ்திரி பஸ்ஸில், வண்டி ஏதும் ரிப்பேரா என்று கேட்டார். இல்லை, வண்டி நல்லா ஓடுது, அதனாலதான் பஸ்ல வாரேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சும்மா சிரித்துக்கொண்டே வந்தேன்.